மெத்தென்ற குக்கிகளும் ‘கைப்பக்குவம்’ என்கிற கட்டுக்கதையும்

நல்லாச் சமைக்கிற ஒரு பெண்ணுக்கு எங்கட சமூகம் கொடுக்கிற மிகப் பெரிய பாராட்டு ‘கைப்பக்குவம்’. “அவவின்ர கையால எது செய்தாலும் நல்லா வரும்” என்று சொல்லுவார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பாராட்டு சத்தமில்லாமல் இன்னொரு வேலையையும் செய்துவிடுகிறது. அந்தக் கைக்குப் பின்னால் இருக்கிற படிப்பு, கணக்கு, பழுதாய்ப்போன நாலைந்து தட்டுகள், நின்று நின்று கால் உளைந்த மணித்தியாலங்கள் எல்லாவற்றையும் அது மறைத்துவிடுகிறது. ஒரு விடயம் கையிலேயே பிறவியாக இருக்கிறதென்றால் அதை மற்றவர்கள் படிக்கத் தேவையில்லை. அதற்கு விலை கொடுக்கவும் தேவையில்லை.

இதைப் பற்றிக் கதைக்க நாங்கள் ஒரு சின்னப் பண்டத்தை எடுத்துக்கொள்கிறோம்: சொக்லேட் சிப் குக்கி. அதிலும் ஓரம் கொஞ்சம் பிடித்து, நடு மெத்தென்று இருக்கிற வகை. இதைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வீட்டிலிருந்து கேக்கும் பிரவுணியும் குக்கியும் செய்து வட்ஸ்அப்பிலும் இன்ஸ்ரகிராமிலும் விற்கிற பெண்கள் எங்கள் ஒவ்வொருவரின் தொலைபேசியிலும் இருக்கிறார்கள். எங்கட வயதுக்காரர்கள், எங்கட அக்காமார், கல்யாணம் முடித்து வேலையை விட்ட எங்கட சிநேகிதிகள். இரண்டாவது, குக்கியில் ஒளித்துவைக்க அதிகம் ஒன்றும் இல்லை. ஒன்பது பொருள், பன்னிரண்டு நிமிடம். எது நடந்தால் என்ன வரும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

எங்கள் கருத்து இதுதான்: குக்கி மெத்தென்று வருவது கைராசி இல்லை. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. காரணம் இருக்கிற ஒன்றை எழுதிவைக்கலாம், யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். அதைக் கற்றுச் செய்கிறவர் தன் உழைப்புக்குத் தலைநிமிர்ந்து விலையும் கேட்கலாம்.

‘தற்செயலாக’ பிறந்த குக்கி

இந்தக் குக்கியின் கதையே ஒரு பெண்ணின் அறிவை மறைத்த கதைதான். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் விற்மன் என்ற ஊரில், 1930இல் ரூத் வேக்ஃபீல்டும் அவருடைய கணவரும் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்தத் தொடங்கினார்கள். அங்கேதான் 1930களின் பிற்பகுதியில் சொக்லேட் சிப் குக்கி உருவானது. பலரும் கேள்விப்பட்டிருக்கிற கதை இப்படிப் போகும்: ஒருநாள் ரூத்திடம் சமையல் சொக்லேட் முடிந்துவிட்டதாம். அவசரத்துக்கு நெஸ்லே சொக்லேட் கட்டி ஒன்றை உடைத்து மாவுக்குள் போட்டாராம். அது உருகி மாவோடு கலந்துவிடும் என்று நினைத்தாராம். உருகாமல் துண்டு துண்டாக நின்றுவிட்டதாம். ஆகா, தற்செயலாக ஒரு கண்டுபிடிப்பு!

ஆனால் ரூத் வேக்ஃபீல்ட் யாரென்று பார்த்தால் இந்தக் கதை நிற்காது. அவர் 1924இல் மனையியல் படித்துப் பட்டம் பெற்றவர். மனையியல் ஆசிரியராகவும் உணவியலாளராகவும் வேலை செய்தவர். சமையல் புத்தகம் எழுதிப் பல பதிப்புகள் கண்டவர். சொக்லேட்டை மாவுக்குள் போட்டால் உருகிக் கலக்குமா கலக்காதா என்று தெரியாமல் இருக்கக்கூடிய ஆளில்லை. தன் விடுதியில் ஏற்கெனவே பரிமாறிவந்த ஒரு மெல்லிய குக்கிக்குப் பதிலாகப் புதிதாக ஏதாவது கொடுக்கவேண்டும் என்று யோசித்து, தன்னோடு வேலை செய்த சூ பிரைட்ஸ் என்ற பெண்ணுடன் சேர்ந்து வேண்டுமென்றே உருவாக்கியது அது. அவருடைய புத்தகத்தின் 1938ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தச் செய்முறை வந்தது.

1939இல் நெஸ்லே கொம்பனி அந்தச் செய்முறையையும் டோல் ஹவுஸ் என்ற பெயரையும் பயன்படுத்தும் உரிமையை வாங்கி, செய்முறையைச் சொக்லேட் உறையில் அச்சடித்தது. அதற்கு ரூத்துக்குப் பேசப்பட்ட விலை ஒரு டொலர் என்றும், வாழ்நாள் முழுக்கச் சொக்லேட் என்றும் சொல்லப்படுகிறது. கொம்பனி இன்றுவரை அந்தப் பெயரில் விற்கிறது. ஊருக்கு எஞ்சியது “பாவம், தவறுதலாய்க் கண்டுபிடிச்சிட்டா” என்ற கதை.

‘தற்செயல்’ என்று அமெரிக்கர்கள் சொன்னதையும் ‘கைப்பக்குவம்’ என்று நாங்கள் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. சொல்தான் வேறு. ஒரு பெண் யோசித்துச் செய்தாள் என்பதை ஒப்புக்கொள்ளாமல் தப்பிக்கிற வழி இரண்டிலும் ஒன்றுதான்.

இன்னொரு விடயம். ரூத்தின் குக்கி சின்னதாய், மொறுமொறுப்பாய் இருந்தது. புத்தகத்தில் அதற்கு அவர் வைத்த பெயரிலேயே ‘மொறுமொறு’ என்பதற்கான ஆங்கிலச் சொல் இருக்கிறது. மெத்தென்ற பெரிய குக்கி பரவியது பிறகுதான். 1977இல் கலிஃபோர்னியாவில் டெபி ஃபீல்ட்ஸ் என்ற இளம் பெண் திறந்த கடை அதில் முக்கியமானது. அதாவது மென்மை என்பது ஒருவர் தெரிவு செய்கிற விடயம். ஒரே பொருட்களை வைத்து மொறுமொறுப்பாகவும் செய்யலாம், மெத்தென்றும் செய்யலாம். எதை மாற்றினால் எது மாறும் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அப்ப, எது மெத்தென்று ஆக்குது?

வீட்டிலிருந்து விற்கிறவர்களிடம் சில வாடிக்கையாளர்கள் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: “இது நமத்துப் போச்சோ?” எங்களுக்குப் பிஸ்கட் என்றால் கடிக்கும்போது சத்தம் வரவேண்டும். மழைக்காலத்தில் டின் மூடியைச் சரியாக மூடாவிட்டால் பிஸ்கட் வெளிக்காற்றின் ஈரத்தை இழுத்துத் தோல் மாதிரி ஆகிவிடும். அது பழுது. ஆனால் மெத்தென்ற குக்கியின் மென்மை வேறு. அதில் இருக்கிற ஈரம் வெளியிலிருந்து வந்ததில்லை. முட்டையிலும் பட்டரிலும் இருந்த தண்ணீரைச் சீனி விடாமல் பிடித்து வைத்திருப்பதால் வருவது.

ஆகவே முதலாவது காரணம் சீனி. வெள்ளைச் சீனி குக்கியைப் பரவவும் மொறுக்கவும் வைக்கும். சிவப்புச் சீனியில் கரும்புப் பாகின் மிச்சம் இருக்கிறது. அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். அமெரிக்கச் செய்முறைகளில் ‘பிரவுண் சுகர்’ என்று எழுதியிருப்பது கையால் பிடித்தால் ஈர மணல் மாதிரி உருண்டு நிற்கிற சீனி. எங்கட கடைகளில் கிடைக்கிற, பெல்வத்தையிலும் செவனகலையிலும் உற்பத்தியாகிற சிவப்புச் சீனி பருமணியாய், காய்ந்து இருக்கும். அதே கிராம் அளவைப் போட்டாலும் அதே மென்மை வராது. இதற்கு வழி சுலபம். மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி கித்துள் பாணி சேர்க்கலாம். இல்லாவிட்டால் சீனியில் ஒரு பங்கைக் குறைத்து, பனங்கட்டியைச் சீவிப் போடலாம். இரண்டும் ஈரத்தைப் பிடிக்கும். வாசமும் எங்கட வாசமாக இருக்கும்.

இரண்டாவது, மா. கோப்பையால் அளக்கிறபோதுதான் அதிகமான குக்கிகள் கல்லாகின்றன. மாவைக் கரண்டியால் மெதுவாகப் போட்டு நிரப்பினால் ஒரு அமெரிக்கக் கோப்பை 120 – 125 கிராம் வரும். அதே கோப்பையை மாப்பைக்குள் விட்டு அமத்தி அள்ளினால் 150 கிராமுக்கு மேலும் போகலாம். ஒரு செய்முறைக்கு இரண்டு கோப்பை என்றால் 50 கிராம் கூடிவிடும். அதோடு குக்கி வரண்டு ரொட்டியாகிவிடும். “அவவுக்கு வருது, எனக்கு வரேல்ல” என்கிறவர்களில் பலபேருக்குப் பிரச்சினை கையில் இல்லை, கோப்பையில்தான். சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கோ. ஓவனுக்கு அடுத்ததாக நீங்கள் வாங்கக்கூடிய மிகப் பயனுள்ள சாமான் அதுதான்.

மூன்றாவது, அப்பச்சோடாவும் பேக்கிங் பவுடரும். இரண்டும் ஒன்றென்று கடையிலேயே மாற்றித் தருவார்கள். ஒன்றில்லை. அப்பச்சோடாவுக்குப் புளிப்புத் தன்மையுள்ள ஏதாவது வேணும். சிவப்புச் சீனியில் இருக்கிற பாகில் அது இருக்கிறது. சோடா குக்கியைப் பரவவும் பொன்னிறமாகவும் வைக்கும். பேக்கிங் பவுடருக்குள் புளிப்பும் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்கள். அது குக்கியைக் கேக் மாதிரி உப்ப வைக்கும். சோடா பவுடரைவிடப் பல மடங்கு வலிமையானது. ஆகவே ஒன்றுக்கு மற்றதை அதே அளவில் போட்டால் அது ஒன்றில் சவர்க்காரம் மாதிரிக் கைக்கும், இல்லாவிட்டால் எழும்பாது.

நாலாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஓவனிலிருந்து எப்ப எடுக்கிறீர்கள் என்பது. நடு வெந்ததாகத் தெரியும்வரை விட்டால் ஆறியபிறகு அது மொறுமொறுப்பான குக்கி. ஓரம் பிடித்து நிறம் மாறியிருக்கவேண்டும், நடு இன்னும் வெளிறி மென்மையாய், வேகாத மாதிரித் தோன்றவேண்டும். அப்போதே எடுத்துவிடவேண்டும். தட்டின் சூட்டிலேயே மிச்சம் வெந்து முடியும். பத்து நிமிடத்துக்குத் தொடக்கூடாது. “பச்சையா இருக்கே” என்று அம்மா திரும்ப உள்ளே வைக்கச் சொல்லுவா. வைக்காதேங்கோ.

அவர்களுடைய ‘அறை வெப்பநிலை’

யூரியூப்பில் வருகிற செய்முறைகள் எல்லாவற்றிலும் ஒரு வரி இருக்கும்: பட்டரை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரவும். அதைச் சொல்கிறவரின் அறை 18 – 21 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில் பட்டர் விரலால் அமத்தினால் குழிகிற அளவுக்கு மெதுவாய், ஆனால் குளிராய் இருக்கும். அதோடு சீனியை அடித்தால் காற்று உள்ளே நிற்கும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சித்திரை மாதத்துக் குசினி 30 பாகையைத் தாண்டும். பட்டர் உருகத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த அளவில்தான். எங்கட அறை வெப்பநிலையில் ஒரு மணித்தியாலம் வைத்த பட்டர் பட்டர் இல்லை, எண்ணெய். அதில் செய்த மாவை ஓவனுக்குள் வைத்தால் குக்கிகள் பரவி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அப்பளமாகிவிடும்.

அந்தச் செய்முறையை எழுதியவர் பொய் சொல்லவில்லை. தன் குசினியைப் பற்றிச் சொன்னார். அதை எங்கட குசினிக்கு மொழிபெயர்க்கிற வேலை எங்களுடையது. பட்டரைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் போதும். கலந்த மாவை உருண்டையாக்கிப் பிரிட்ஜில் வைப்பது அங்கே விருப்பமான ஒரு படி, இங்கே கட்டாயம். ஒரு இரவு வைத்தால் இன்னும் நல்லது. மா முட்டையின் ஈரத்தை மெதுவாக உறிஞ்சும், மாக்கலவை இறுகும், சுவையும் கூடும். 2008இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் வந்த பிரபலமான ஒரு செய்முறை மாவை 36 மணித்தியாலம் வரை குளிரில் வைக்கச் சொன்னது. அதைப் படித்தபிறகு பலர் அதைப் பின்பற்றத் தொடங்கினார்கள்.

சொக்லேட்டிலும் இதே மொழிபெயர்ப்பு வேணும். ‘சமையல் சொக்லேட்’ என்று மலிவாகக் கிடைக்கிற பலவற்றில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவர எண்ணெய்க் கொழுப்புத்தான் இருக்கும். உறையின் பின்பக்கத்தை வாசித்தால் தெரியும். அது பிழையில்லை, விலை குறைவு. ஆனால் நாக்கில் மெழுகு மாதிரி நிற்கும். நல்ல டார்க் சொக்லேட் கட்டி ஒன்றைக் கத்தியால் வெட்டிப் போட்டால் சிப்ஸ் தேவையே இல்லை. ரூத் வேக்ஃபீல்ட் செய்ததும் அதைத்தான். 2022 ஓகஸ்டில் அரசாங்கம் 300க்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியபோது சொக்லேட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. காரணம் தெரியாமல் செய்முறையை மட்டும் பின்பற்றுகிற ஒருவருக்கு இப்படிப்பட்ட நேரத்தில் தொழிலே நின்றுவிடும். எந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தவர் வேறொன்றை வைத்துச் சமாளிப்பார்.

ஓவனையும் நம்பாதேங்கோ. சின்ன ஓவன்களின் திருகியில் 180 என்று போட்டால் உள்ளே 160ஆகவும் இருக்கலாம், 200ஆகவும் இருக்கலாம். உள்ளே வைக்கிற வெப்பமானி வாங்க வசதியில்லையா? ஒரு கரண்டி வெள்ளைச் சீனியை அலுமினியத் தாளில் வைத்துப் பாருங்கோ. சீனி ஏறத்தாழ 186 பாகையில் உருகும். திருகியை 175இல் வைத்துப் பதினைந்து நிமிடத்தில் சீனி உருகினால் உங்கட ஓவன் கூடச் சுடுது. 190இல் வைத்தும் உருகாவிட்டால் குறையச் சுடுது. இரண்டு தரம் பார்த்து ஒரு கடதாசியில் எழுதி ஓவனில் ஒட்டிவிட்டால் பிறகு அந்தப் பிரச்சினை முடிந்தது.

எழுதிக்கொள்ளுங்கோ

காரணங்களைச் சொல்லிவிட்டு அளவைச் சொல்லாமல் விட்டால் நாங்களும் ‘ரகசியம்’ வைக்கிற ஆக்களாகிவிடுவோம். 15 குக்கிக்கு:

பட்டர் 115 கிராம், சிவப்புச் சீனி 110 கிராம், வெள்ளைச் சீனி 50 கிராம், கித்துள் பாணி ஒரு மேசைக்கரண்டி, முட்டை 1, வனிலா ஒரு தேக்கரண்டி, கோதுமை மா 170 கிராம், அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்புக் கால் தேக்கரண்டி, வெட்டிய சொக்லேட் 120 கிராம். பட்டரில் உப்பு இருந்தால் உப்பைக் குறையுங்கோ. (வனிலாவையும் உப்பையும் சேர்த்து எண்ணினால் பொருள் பத்தாகும். அந்த ஒரு பொருள் கித்துள் பாணி, ஈரமான பிரவுண் சுகர் கிடைக்கிற ஊரில் அது தேவையில்லை.)

பட்டரையும் இரண்டு சீனியையும் பாணியையும் இரண்டு நிமிடம் அடியுங்கோ. அதிகம் அடித்தால் சூடாகி இளகும். முட்டையும் வனிலாவும் சேர்த்து இன்னொரு நிமிடம். மாவையும் சோடாவையும் உப்பையும் முதலே அரித்து வைத்துக்கொண்டு, அதைச் சேர்த்ததும் கரண்டியால் மட்டும் பிரட்டுங்கோ. மா கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்தவேணும். தொடர்ந்து பிசைந்தால் ரொட்டி மா மாதிரி இழுபடும், குக்கி கடினமாகும். சொக்லேட்டைப் போட்டு, 40 கிராம் உருண்டைகளாக உருட்டி, மூடி, ஒரு இரவு பிரிட்ஜில். அடுத்தநாள் 175 பாகையில் 10 – 12 நிமிடம், இடைவெளி விட்டு ஆறு ஆறாக. ஆறினபிறகு காற்றுப் புகாத பெட்டியில், ஒரு துண்டுப் பாணோடு. பாணின் ஈரத்தைக் குக்கி எடுத்துக்கொள்ளும். அடுத்தநாள் பாண் காய்ந்திருக்கும், குக்கி மெதுவாய் இருக்கும்.

அளவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கோ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கோ. மாற்றியதை எழுதுங்கோ. பள்ளிக்கூடத்து விஞ்ஞான பாடத்தில் பரிசோதனை என்று படித்தது இதைத்தான்.

“எங்கட பலகாரம் இருக்க இது எதுக்கு?”

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். வெளிநாட்டுப் பண்டத்துக்கு ஏன் இவ்வளவு கதை, அரியதரம் இருக்கு, பயற்றம் பணியாரம் இருக்கு, எள்ளுப்பாகு இருக்கு என்று. முதலில் ஒரு சின்னச் சரித்திரம். ‘குக்கி’ என்ற ஆங்கிலச் சொல் ஒல்லாந்தரின் ‘கூக்யே’யிலிருந்து வந்தது. அந்த ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து 1790கள்வரை இங்கேயும் இருந்தார்கள். சிங்களப் புத்தாண்டுப் பலகாரத் தட்டில் இருக்கிற கொக்கிஸ் என்ற பெயரும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். நாங்கள் தினமும் சாப்பிடுகிற பாணும் எங்கட அம்மம்மாமார் சொல்லுகிற விசுக்கோத்தும் போர்த்துக்கீசச் சொற்கள். எங்கட குசினிக்குள் வெளியார் வந்து நானூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நியாயமான கவலை இருக்கிறது. அம்மம்மாவின் அரியதரத்தின் பாணிப் பதம் யாருக்குத் தெரியும்? அவவிடம் கேட்டால் “கையில தொட்டுப் பார், தெரியும்” என்பா. அவவுக்குத் தெரியும். ஏனென்றால் அவ நாற்பது வருடம் தொட்டுப் பார்த்தவ. அந்த நாற்பது வருடத்தைக் ‘கைப்பக்குவம்’ என்று சொல்லி முடித்துவிட்டோம். எத்தனை சுண்டு மாவுக்கு எவ்வளவு சர்க்கரை, பாகு எந்த நேரத்தில் இறக்குவது, மா எவ்வளவு ஈரமாய் இருக்கவேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களில் எழுதாமல் போனது அவவோடேயே போய்விடும்.

குக்கி செய்யக் கற்றுக்கொள்வது அம்மம்மாவின் பலகாரத்துக்கு எதிரானது என்று நாங்கள் நினைக்கவில்லை. ‘ஏன்’ என்று கேட்கவும், தராசில் நிறுக்கவும், எழுதிவைக்கவும் குக்கியில் பழகினால், அந்தத் தராசையும் கொப்பியையும் தூக்கிக்கொண்டு அம்மம்மாவிடமே போகலாம். அவ கையால் அள்ளிப் போடுகிறபோது கீழே தராசை வையுங்கோ. அவவுக்குச் சிரிப்பு வரும். பரவாயில்லை.

ரகசியமும் விலையும்

சில வீட்டு வெதுப்புநர்கள் செய்முறையைச் சொல்லமாட்டார்கள். சிலர் சொல்லிவிட்டு ஒரு பொருளை விட்டுவிடுவார்கள். நாங்கள் இதைக் கேலி செய்யவில்லை. கையில் இருக்கிற ஒரே முதல் அதுதான் என்று நினைக்கிறவர் அதைப் பொத்தித்தான் வைப்பார். ஆனால் உண்மையில் அது முதலா? டோல் ஹவுஸ் செய்முறை 1939இலிருந்து சொக்லேட் உறையில் அச்சாகிறது. உலகத்தில் யாரும் செய்யலாம். அப்படியிருந்தும் 1977இல் ஒரு பெண் குக்கிக் கடை திறந்து வெற்றி பெற்றார். மக்கள் காசு கொடுத்து வாங்குவது செய்முறையை இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, சொன்ன நேரத்துக்கு, துப்புரவாக வருவதைத்தான். அதாவது உழைப்பை.

ஆனால் அந்த உழைப்புக்குத்தான் எங்கட கணக்கில் இடம் இல்லை. ஒரு உதாரணக் கணக்குப் பார்ப்போம். எண்கள் கற்பனை, உங்கட ஊர் விலையைப் போட்டுப் பாருங்கோ. மேலே சொன்ன 15 குக்கிக்குப் பொருட்கள் 1500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குக்கிக்கு 100 ரூபாய். 120க்கு விற்றால் 20 ரூபாய் லாபம் என்று தோன்றும். ஆனால் பெட்டி, ஸ்ரிக்கர், கரண்ட், பேக்கிங் கடதாசி எல்லாம் சேர்த்து 300 ரூபாய் போகிறது. 15 தர 120, 1800. செலவும் 1800. நிறுத்து, கலந்து, உருட்டி, ஓவனுக்கு முன்னால் நின்று, ஆறவைத்து, பெட்டியில் அடுக்கி, கழுவி, “அக்கா எத்தனை மணிக்கு வரலாம்?” என்ற குறுஞ்செய்திக்குப் பதில் போட்ட இரண்டு மணித்தியாலம்? பூச்சியம். மணித்தியாலத்துக்கு வெறும் 400 ரூபாய் போட்டாலே ஒரு குக்கி 170 ரூபாயைத் தாண்டவேண்டும்.

‘பொருள் செலவைப் போல இரண்டு மடங்கு’ என்று ஒரு சூத்திரம் சுற்றித் திரிகிறது. அதிலும் நேரம் இல்லை. மலிவான பொருளில் ஐந்து மணித்தியாலம் வேலை செய்கிறவருக்கு அந்தச் சூத்திரத்தால் ஒன்றும் மிஞ்சாது. நேரத்தை எழுதுங்கோ. ஒரு வாரத்துக்கு எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்று மட்டும் எழுதிப் பாருங்கோ. எங்களுக்குத் தெரிந்த சிநேகிதிகள் பலருக்கு அந்தக் கொப்பிதான் விலையை உயர்த்துகிற தைரியத்தைக் கொடுத்தது.

வாங்குகிற நாங்களும் இதில் பங்காளிகள். கொழும்பில் ஒரு கோப்பிக் கடையில் ஒரு குக்கிக்குக் கேட்கிற காசைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் “வீட்டிலதானே செய்யிறீங்கள், குறைக்க ஏலாதோ?” என்று கேட்கிறோம். வீட்டில் என்றால் காஸும் கரண்டும் சும்மா வருகிறதா? 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4860 ரூபாயானபோது வீட்டுக்கும் கடைக்கும் கஷ்டம் ஒன்றாகத்தான் வந்தது. ‘வீட்டிலதானே’ என்கிற அந்த ஒரு சொல்லுக்குள் ‘கைப்பக்குவம்’ திரும்பவும் நிற்கிறது. எப்படியும் செய்யிற வேலைதானே, கைக்கு வருகிறதுதானே என்று.

பொடியளுக்கும் ஒரு கதை

கைப்பக்குவம் என்ற கட்டுக்கதையால் இன்னொரு கூட்டம் சுகமாக இருக்கிறது. “எனக்குச் சமையல் வராது மச்சான்” என்கிற எங்கட பொடியள். கைராசி என்றால் வராது என்று சொல்லித் தப்பலாம். 170 கிராம் மா, 175 பாகை, 12 நிமிடம் என்றால் எப்படித் தப்புவது? மோட்டச் சைக்கிள் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறவருக்கு, கணினியில் நிரல் எழுதுகிறவருக்கு, இரசாயனவியலில் ‘ஏ’ எடுத்தவருக்கு ஒரு தராசில் மா நிறுக்கத் தெரியாதென்றால் அது தெரியாமை இல்லை, செய்ய விருப்பமில்லை. அதை அப்படியே சொல்லவேண்டும். ஒருநாள் குக்கி சுட்டுப் படம் போட்டு நூறு விருப்பம் வாங்குவதையும் நாங்கள் கேட்கவில்லை. சுட்ட பிறகு தட்டையும் கிண்ணத்தையும் கழுவி, ஓவனைத் துடைத்து, அடுத்த கிழமையும் செய்வதைத்தான் கேட்கிறோம்.

ஆகவே எங்கட வேண்டுகோள் மூன்றுதான். செய்கிறவர்கள் அளவையும் நேரத்தையும் எழுதுங்கோ, எழுதியதைப் பகிருங்கோ, விலையில் உங்கட மணித்தியாலத்தையும் சேருங்கோ. வாங்குகிறவர்கள் பேரம் பேசாதேங்கோ. சாப்பிட்டுவிட்டுப் பாராட்ட நினைக்கிறவர்கள் கையைப் பாராட்டுவதை விட்டு, “இதை எப்பிடி இவ்வளவு மெதுவா எடுத்தனீங்கள்? என்ன மாத்தினனீங்கள்?” என்று கேளுங்கோ. அவர் சொல்லத் தொடங்கினால் நிறையச் சொல்லுவார். அதில் ஒரு பங்கையாவது நாங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.